ராக்கெட் ஊருக்கு என்ன பங்கு?

திருச்செந்தூர் அருகே உள்ள குலசேகரன்பட்டினம், முத்தாரம்மன் கோவில் தசராவுக்குப் பெயர் பெற்ற ஊர். இனி ராக்கெட்டுக்கும் பெயர் பெறும்.

அங்கே ஏவுதளம் அமைக்க, பிரதமர் மோடி 28-2-2024 அன்று அடிக்கல் நாட்டினார்.

ஸ்ரீஅரிகோட்டாவில் இருந்து தெற்கே பறக்கும் ராக்கெட், இலங்கையைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். இங்கிருந்து நேராகப் போகலாம். எரிபொருள் மிச்சம்.

அந்த லாபத்தில் ஊருக்குப் பங்கு உண்டா?

இங்கிருந்து பறக்க இருப்பது சிறிய ராக்கெட். அதைத் தயாரிக்கும் உரிமையை, அரசுக் கம்பெனியான இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் 2025-ல் பெற்றது.

பெரிய கம்பெனிகள் லாபத்தில் நூற்றுக்கு 2 ரூபாயை மக்கள் நலனுக்குச் செலவிட வேண்டும். தொழில் நடக்கும் இடத்துக்கு முன்னுரிமை தர வேண்டும். இது 2013-ம் ஆண்டு கம்பெனிச் சட்டம்.

தொழிற்சாலை வெளியூரில் இருக்கலாம். ராக்கெட் கிளம்புவது இங்கேதான். ஆகவே, இதையும் தொழில் நடக்கும் ஊராகச் சேர்க்க வேண்டும்.

ராக்கெட் பறக்கும் நாளில் ஆபத்துப் பகுதிக்குப் படகு போகக்கூடாது. அன்று மீனவருக்கு வருமானம் இல்லை. அதற்கு ஈடு கொடுப்பது தர்மம் அல்ல, கடமை. அதை இந்த 2 ரூபாயில் கழிக்கக்கூடாது.

2 ரூபாய், பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் இளைஞர்களின் தொழிற்பயிற்சிக்கும் போகட்டும். செலவுக் கணக்கை ஊர் நடுவே பலகையில் எழுதி வைக்கட்டும்.

ராக்கெட் ஊரைத் தாண்டிப் போகலாம். அதன் பலன் ஊரைத் தாண்டிப் போகக்கூடாது.