துணைநூல் பட்டியலில் அப்பா பெயர்

மலேசியத் தமிழ்ப் பெண் ஒருவர் ஆய்வுக் கட்டுரை வெளியிடுகிறார். மைகார்டில் அவர் பெயர் கவிதா ஏ/பி முனியாண்டி என்று வைத்துக்கொள்வோம். ஏபிஏ முறைப்படி குடும்பப் பெயர் முன்னே வர வேண்டும், மற்றது முதலெழுத்தாகச் சுருங்க வேண்டும் என்று நமக்குச் சொல்லித் தருகிறார்கள். நாமும் 'முனியாண்டி, கே.' என்று எழுதிவிடுகிறோம். உழைத்தவர் கவிதா, பெயர் போவது அவருடைய அப்பாவுக்கு! சில தரவுத்தளங்களில் 'ஏ/பி'யும் நடுப்பெயராகி, 'முனியாண்டி, கே. ஏ. பி.' என்று மூன்றாவது ஆள் ஒருவர் பிறந்துவிடுகிறார்.

நான் சுங்கை பாக்காப்பைச் சேர்ந்தவள். செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களுக்கு 19ஆம் நூற்றாண்டில் ஒப்பந்தக் கூலிகளாக வந்த நம்மவர்களைப் பற்றி இடுபணி செய்துகொண்டிருக்கிறேன். இந்தத் துறையில் யாரும் தவிர்க்க முடியாத இரண்டு நூல்கள், கெர்னியால் சிங் சந்து 1969இல் வெளியிட்டதும் சின்னப்பா அரசரத்தினம் 1970இல் வெளியிட்டதும். சந்து என்பது குலப்பெயர், ஆகவே சிக்கல் இல்லை. அரசரத்தினமோ பழைய தமிழ் வழக்கப்படி முன்னெழுத்து போட்டு எஸ். அரசரத்தினம் என்று எழுதியவர். அதனால் 'அரசரத்தினம், எஸ்.' என்று அவருடைய சொந்தப் பெயரே பட்டியலில் நிற்கிறது. அப்பா பெயரை முன்னெழுத்தாக்கிய தலைமுறைக்குப் பாதுகாப்பு தானாகக் கிடைத்தது. அடையாள அட்டையில் உள்ளபடியே முழுப் பெயரையும் எழுதும் நமக்கு அது கிடைக்கவில்லை.

நோபல் பரிசு வரைக்கும் இந்த வேறுபாட்டைப் பார்க்கலாம். 1983இல் பரிசு பெற்ற சுப்ரமணியன் சந்திரசேகரின் அப்பா பெயர் சுப்ரமணியன். 'சந்திரசேகர் வரம்பு' அவருடைய சொந்தப் பெயரிலேயே வழங்குகிறது. 2009இல் வேதியியலுக்குப் பரிசு பெற்ற வெங்கட்ராமன் ராமகிருஷ்ணனின் கதை நேர்மாறானது. ராமகிருஷ்ணன் அவருடைய அப்பா. அவரும் பரோடாவில் உயிர்வேதியியல் பேராசிரியர். ஒரே வீட்டில் இரண்டு விஞ்ஞானிகள், மேற்கோளில் இருவருமே 'ராமகிருஷ்ணன்'!

இதெல்லாம் பெரிய விஷயமா என்று கேட்கலாம். விரிவுரையாளர்களின் பதவி உயர்வில் மேற்கோள் எண்ணிக்கை பார்க்கப்படுகிறது. ஒருவரே மூன்று பெயர்களில் சிதறினால் எண்ணிக்கையும் சிதறும்.

குற்றம் ஏபிஏ மீது இல்லை என்பது என் கருத்து. 2019இல் வந்த அதன் ஏழாம் பதிப்பு, பிரிக்க முடியாத பெயரை முழுதாக எழுத இடம் தருகிறது. 'ஸ்மித், ஜே.' என்ற அமெரிக்க உதாரணத்தையே ஆண்டுதோறும் நகலெடுக்கும் வகுப்புக் கையேடுகள்தான் கோளாறு. மலாய்ப் பெயர்களுக்கும் குடும்பப் பெயர் கிடையாது. அவற்றைத் திருப்பிப் போடாமல் அப்படியே எழுதும் வழக்கம் நம் நாட்டில் இருக்கிறது. ஐஸ்லாந்துக்காரர்களும் அப்பா பெயரைப் பின்னால் சேர்ப்பவர்கள்தாம். ஆனால் அவர்களின் தொலைபேசிப் புத்தகமே சொந்தப் பெயரின் அகரவரிசையில்தான் இருந்தது. கவிதாவுக்கு மட்டும் ஏன் முடியாது?

எஸ்டிபிஎம் செய்பணியோ பல்கலைக்கழக இடுபணியோ, முதலில் அந்த எழுத்தாளர் தம் கட்டுரையில் தம்மை எப்படிக் குறிப்பிடுகிறார் என்று பாருங்கள். 'சொடேரோ' மென்பொருளில் பெயருக்கு ஒரே கட்டத்தைத் தேர்ந்தெடுக்கலாம். 'எண்ட்நோட்'டில் முழுப் பெயருக்குப் பின் ஒரு காற்புள்ளி வைத்தால் போதும், பெயர் புரளாது. எழுதும் வடிவம் எதுவானாலும் பட்டியலிலும் கட்டுரைக்குள்ளும் ஒன்றாகவே இருக்கட்டும். மதிப்பெண் வெட்டுப்படும் என்று பயமாக இருந்தால், ஒப்படைப்பதற்கு முன்பே விரிவுரையாளரிடம் காரணத்தைச் சொல்லிவிடுங்கள்.

உங்கள் பெயரிலேயே கட்டுரை வெளிவரும் நாள் வந்தால் 'ஓர்சிட்' எண்ணுக்குப் பதிந்துகொள்ளலாம். 2012 முதல் ஆய்வாளர்களுக்கு இலவசமாக வழங்கப்படும் 16 இலக்க அடையாளம் அது. அந்தப் படிவத்தில் குடும்பப் பெயருக்கான கட்டத்தை வெறுமையாக விடலாம்.