பாகற்காயும் படையலாகும்

புதுக்கோட்டை மாவட்டம் அறந்தாங்கியை அடுத்துள்ள ஆவுடையார்கோயில், முற்காலத்தில் திருப்பெருந்துறை என வழங்கிய திருத்தலம். தென்முகமாக அமைந்த இக்கோயிலின் கருவறையில் ஆவுடையார் மட்டுமே உண்டு. லிங்கத் திருமேனி இல்லை. கொடிமரமும் நந்தியும் இல்லை. அருவமாக விளங்கும் ஆத்மநாதருக்கு, வடித்த புழுங்கலரிசிச் சோற்றைச் சூடு ஆறுமுன் படைகல்லில் பரப்புகின்றனர். அதிலிருந்து எழும் ஆவியே நிவேதனம். உடன் படைக்கப்படுவன கீரையும் பாகற்காயும்.

இறைவனுக்குக் கசப்பைப் படைக்கலாமா என்ற ஐயம் எழக்கூடும். முதிய ஆசிரியர் வடிவில் வந்து ஊர்ச் சிறுவர்களுக்குக் கல்வி புகட்டிய இறைவன், அவ்வீட்டார் அளித்த இந்த எளிய உணவையே உவந்து ஏற்றான் என்பது தலவரலாறு. இல்லத்தில் இருந்ததைக் கொடுத்தார்கள். கொடுத்ததை அவன் ஏற்றான்.

இத்தலத்தில் ஆட்கொள்ளப்பட்ட திருவாதவூரர் வாழ்வும் இதையே உணர்த்துகிறது. பாண்டிய மன்னனின் முதலமைச்சராக, தென்னவன் பிரமராயன் என்ற பட்டத்தோடு விளங்கியவர் அவர். செல்வமும் செல்வாக்கும் நிறைந்திருந்தும் அவர் உள்ளம் ஒரு குருவைத் தேடியது. குதிரை வாங்கக் கொண்டுசென்ற பொருளோடு திருப்பெருந்துறையை அடைந்தபோது, குருந்த மரத்தடியில் அக்குருவைக் கண்டார். கொண்டுவந்த பொருள் திருப்பணிக்குச் செலவாயிற்று.

அதன்பின் அவருக்கு இன்பமே வாய்த்தது என்று எண்ணுதல் பொருந்தாது. நரிகள் பரிகளாகி, மீண்டும் நரிகளாயின, மன்னன் சினந்தான், வைகையின் சுடுமணலில் அவர் நிறுத்தப்பட்டார். குருவருள் கிட்டிய பின்னரே இத்துன்பங்கள் அனைத்தும் வந்தன. உடல் வெயிலில் வாடியது. திருவடியைப் பற்றிய உள்ளம் தன் நிலையிலிருந்து பெயரவில்லை. மகிழ்ச்சி வந்து போகும் விருந்தாளி. நிறைவோ வீட்டிலேயே இருப்பது. துன்பம் வந்த நாளிலும் அது வெளியேறுவதில்லை.

முதுமையில் இவ்வேறுபாடு நன்கு புலப்படும். தீபாவளிக்கு வருவதாகச் சொன்ன மகன், விடுப்புக் கிடைக்கவில்லை என்று தொலைபேசியில் கூறுகிறான். செய்துவைத்த பலகாரத்தைத் தொடவும் பெற்றோருக்கு மனம் வருவதில்லை. அவன் வரவேண்டும் என்று விரும்புவதில் குற்றமில்லை. அவன் வந்தால்தான் அது பண்டிகை என்று முடிவுகட்டும்போதே, கையில் உள்ள நாளும் நழுவிப்போகிறது. அப்பலகாரத்தை அண்டை வீட்டுக் குழந்தைகளுக்குக் கொடுத்துவிட்டு, மாலையில் இருவரும் கோயிலுக்குச் சென்று ஒரு விளக்கேற்றலாம். மகன் வராத குறை அதனால் தீர்ந்துவிடாது. ஆயினும் அந்த நாள் வீணாகாது.

அன்றாடம் உறங்கச் செல்லுமுன், அன்று வந்த இனிப்பையும் கசப்பையும் ஒருசேர நினைத்து, இரண்டையும் இறைவன் திருவடியில் வைத்துவிடுவது நலம். முதல் சில நாட்கள் மனம் இணங்காது, பழகப்பழக இணங்கும். பாகற்காயையும் விலக்காமல் ஏற்கும் ஆத்மநாதன், அடியார் படைக்கும் கசப்பையும் ஏற்றருள்வான்.