பத்துப் பூட்டுக்கு ஒரே சாவி வேண்டும்

கொள்முதல் நிலையத்தில் நெல் போட ஒரு பதிவு. பயிர்க் காப்பீட்டுக்கு ஒரு பதிவு. சொட்டுநீர் மானியத்துக்கு ஒரு பதிவு. பட்டா மாறுதலுக்கு ஒன்று, சிறு விவசாயி சான்றுக்கு ஒன்று, ஆண்டுக்கு 6,000 ரூபாய் தரும் பி.எம். கிசானுக்கு ஒன்று. 2018-ல் 'உழவன்' என்ற பெயரில் வந்த செயலியில் டிராக்டர் வாடகைக்குக் கேட்க இன்னொன்று. இவை ஒவ்வொன்றுக்கும் தனி இணையதளம் அல்லது செயலி, தனி வாசல், தனிப் பூட்டு. ஒவ்வொரு வாசலிலும் அதே பெயர், அதே தகப்பனார் பெயர், அதே சர்வே எண், அதே வங்கிக் கணக்கு. ஒரே ஆளை ஒரே அரசாங்கம் எத்தனை தடவைதான் "நீ யார்?" என்று கேட்கும்?

2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு விவசாயியின் சராசரி நிலம் முக்கால் ஹெக்டேர். அதாவது இரண்டு ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு. பத்தில் ஒன்பது பேருக்கு மேல் சிறு, குறு விவசாயிகள். பெரிய பண்ணைக்காரருக்குக் கணக்குப்பிள்ளை இருப்பார். பதிவு வேலையை அவர் பார்த்துக்கொள்வார். இரண்டு ஏக்கர்காரர் நாற்றங்காலையும் பார்த்து, இ-சேவை மையத்து வரிசையிலும் நிற்க வேண்டும். அவருக்கு ஒரு நாள் போனால் ஒரு நாள் கூலி போனதாகத்தான் அர்த்தம்.

நஷ்டம் கூலியோடு நிற்பதும் இல்லை. சம்பா பயிர்க் காப்பீட்டுக்குப் பல ஆண்டுகளில் நவம்பர் 15 கடைசித் தேதி என்று அறிவித்திருக்கிறார்கள், நீட்டித்ததும் உண்டு. கடைசி இரண்டு நாளில் செல்போனுக்கு வர வேண்டிய ரகசிய எண் வரவில்லையென்றால் அந்தப் போகம் முழுவதும் காப்பீடு இல்லை. அதே திட்டத்தின் விதியில் இன்னொன்று உண்டு. அறுவடைக்குப் பின்னான இழப்புக்கும் காப்பீடு அறிவிக்கப்பட்ட இடங்களில், அறுத்து வயலில் காயப் போட்ட பயிர் பருவம் தப்பிய மழையில் கெட்டால் 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். அந்த மூன்று நாளில் ஒரு நாளை மறந்துபோன பாஸ்வேர்டைத் தேடுவதில் கழித்தால் யாருக்கு நஷ்டம்?

ஆகவே, விவசாயி சம்பந்தப்பட்ட எல்லா இணையதளங்களிலும் ஒரே நுழைவுச் சாவி செல்லுபடியாக வேண்டும் என்பது என் கருத்து. ஒரு தடவை பதிந்தால் போதும். பிறகு எந்தத் துறையின் வாசலிலும் அதைக் காட்டி உள்ளே போக வேண்டும்.

எண் வேறு, சாவி வேறு

"அதுதான் விவசாயிகளுக்குத் தனி அடையாள எண் கொடுத்துவிட்டார்களே" என்று சிலர் கேட்கலாம். 2024 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை 2,817 கோடி ரூபாயில் டிஜிட்டல் வேளாண் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. மூன்று ஆண்டுகளில் 11 கோடி விவசாயிகளுக்கு அடையாள எண் கொடுப்பது அதன் குறி. தமிழ்நாட்டில் 2025-ல் ஊர் ஊராக முகாம் போட்டுப் பதிந்தார்கள். நல்ல காரியம்தான். ஆனால் எண் என்பது கதவில் எழுதிய வீட்டு நம்பர் மாதிரி. வீடு யாருடையது என்று அது சொல்லும், கதவைத் திறக்காது. திறப்பதற்குச் சாவி வேண்டும்.

சாவியும் புதிதாகச் செய்ய வேண்டியதில்லை. 2022 ஜூலை 4-ந் தேதி காந்திநகரில் 'மேரி பெஹ்சான்' என்ற தேசியப் பொது நுழைவு வசதியைப் பிரதமர் தொடங்கி வைத்தார். ஒரு கணக்கை வைத்துக்கொண்டு பல அரசுத் தளங்களுக்குள் போகலாம் என்பதே அதன் ஏற்பாடு. குறை எங்கே என்றால், உழவருக்கு வேண்டிய எல்லா வாசல்களிலும் அந்தச் சாவி செல்வதில்லை. ஒவ்வொரு துறையும் தன் பூட்டைத் தானே வைத்துக்கொள்ள விரும்புகிறது. சாவி செய்வது சுலபம். பூட்டை மாற்றச் சம்மதிக்க வைப்பதுதான் கஷ்டம்.

வீசை போய் கிலோ வந்த விதம்

இந்தக் கஷ்டம் நமக்குப் புதிதல்ல. ஒரு காலத்தில் ஊருக்கு ஊர் படியும் மரக்காலும் வேறு வேறாக இருந்தன. வீசை, மணங்கு என்று எடைகளும் பலவாக இருந்தன. 1956-ல் நாடு முழுவதற்கும் ஒரே எடை அளவுச் சட்டம் வந்தது. 1958 முதல் கிலோ படிப்படியாகப் புழக்கத்துக்கு வந்தது. சில காலம் பழையதும் புதியதும் சேர்ந்தே ஓடின. பிறகு 1960-களில், பழைய எடைக்கல் வியாபாரத்துக்குச் செல்லாது என்று சட்டப்படி நிறுத்தினார்கள். அதன் பின்தான் கிலோ நிலைத்தது.

இதில் இரண்டு பாடம் இருக்கிறது. பழகிக்கொள்ள ஜனங்களுக்கு அவகாசம் கொடுத்தார்கள். ஆனால் அவகாசத்துக்கு ஒரு முடிவும் வைத்தார்கள். "விருப்பமிருந்தால் கிலோவில் நிறுக்கலாம்" என்று விட்டிருந்தால் இன்றைக்கும் சில கடைகளில் வீசைக்கல்தான் இருந்திருக்கும்.

இங்கிலாந்தில் பட்ட பாடு

அவசரப்பட்டாலும் காரியம் கெடும். இங்கிலாந்து அரசு 'வெரிஃபை' என்ற பெயரில் எல்லா அரசுத் தளங்களுக்கும் ஒரே நுழைவு முறையைக் கொண்டுவந்தது. சோதனைக் காலத்திலேயே அதைப் பயன்படுத்த வேண்டியிருந்தவர்களில் விவசாயிகளும் உண்டு. ஐரோப்பிய விவசாய மானியத்துக்கு 2015-ல் அதன் வழியாகப் பதியச் சொன்னார்கள். இயலாதவர்களுக்குத் தொலைபேசி மூலம் பதியும் வழி வைக்க வேண்டியதாயிற்று. அதே ஆண்டு மார்ச்சில் நிலப்பட வேலை செய்யும் பகுதி தகராறு செய்ததால் மானிய மனுவே மறுபடியும் காகிதப் படிவத்துக்குத் திரும்பியது. அது நுழைவு முறையின் குற்றமல்ல. ஆனாலும் அலைந்தவர்கள் விவசாயிகள்தான்.

'வெரிஃபை' முழு அளவில் 2016-ல் தொடங்கியது. 2020-க்குள் இரண்டரைக் கோடிப் பேர் சேர்வார்கள் என்று எதிர்பார்த்தார்கள். 2019 பிப்ரவரியில் சேர்ந்திருந்தவர்கள் சுமார் 36 லட்சம். 2018-க்குள் 46 சேவைகள் இதை ஏற்கும் என்றார்கள், ஏற்றவை 19. முயன்று பார்த்தவர்களில் பாதிப்பேருக்குக் கூட உள்ளே போக முடியவில்லை. துறைகள் தங்கள் பழைய வாசலையும் வைத்துக்கொண்டன. முடிவில் 2023-ல் அதை மூடிவிட்டு, வேறு பொது நுழைவு முறைக்கு மாறினார்கள்.

பயன்படுத்துகிறவருக்குச் சிரமமான சாவியை யாரும் கையில் எடுக்க மாட்டார்கள். பத்து வாசலில் இரண்டை மட்டும் திறக்கும் சாவியை யாரும் இடுப்பில் செருகிக்கொண்டு திரிய மாட்டார்கள். இந்த இரண்டையும் நம் அதிகாரிகள் மனத்தில் வைக்க வேண்டும்.

சாவி தொலைந்தால்?

"ஒரே சாவி என்றால், அது திருடன் கையில் அகப்பட்டால் வீடும் போச்சு, களஞ்சியமும் போச்சே!" என்று கேட்பவர் உண்டு. நியாயமான கேள்வி. சிங்கப்பூரில் 2003 முதல் 'சிங்பாஸ்' என்ற ஒரே நுழைவுக் கணக்கு இருக்கிறது. சேமநிதி, வருமான வரி இரண்டுக்கும் அதுவே வழி. அதனால் பெரும்பாலோர் கையில் அது இருக்கிறது. 2014-ல் சுமார் 1,560 பேரின் கணக்குகளுக்குள் அனுமதியின்றி யாரோ நுழைந்திருக்கலாம் என்று அந்த அரசே அறிவித்தது. மறு ஆண்டே, பாஸ்வேர்டோடு இரண்டாவது சோதனையையும் சேர்த்தார்கள். பொதுச் சாவியைக் கைவிடவில்லை, பூட்டைப் பலப்படுத்தினார்கள்.

இன்றைய பத்துப் பூட்டு முறை மட்டும் பத்திரமானதா? பத்துப் பாஸ்வேர்டை நினைவில் வைக்க முடியாமல் எல்லாவற்றுக்கும் ஒரே சொல்லைப் போடுகிறோம். அதைப் பாஸ்புக்கின் பின்னட்டையில் எழுதுகிறோம். செல்போனையே கம்ப்யூட்டர் கடைப் பையனிடம் கொடுத்து "நீயே பார்த்துப் போடு தம்பி" என்கிறோம். பத்துச் சாவியும் அடுத்தவர் கையில் இருப்பதைவிட, ஒரு நல்ல சாவி நம் கையில் இருப்பது மேல்.

பிழை ஒன்று, வாசல் பத்து

எனக்கு இருக்கும் உண்மையான கவலை வேறு. 1979 முதல் 1987 வரை நடந்த யு.டி.ஆர். நிலப் பதிவேட்டு வேலையை விவசாயிகள் மறந்திருக்க மாட்டார்கள். அதில் ஏறிய தப்பான பெயருக்கும் விட்டுப்போன சென்ட்டுக்கும் பிள்ளைகள் காலத்திலும் தாலுகா ஆபீசுக்கு நடக்கிறவர்கள் உண்டு. ஒரே சாவி என்றால் ஒரே பதிவேடு. அதில் ஒரு எழுத்து தப்பினால் ஒரு வாசல் அல்ல, பத்து வாசலும் அடைபடும். நெல்லும் போட முடியாது, காப்பீடும் கட்ட முடியாது.

குத்தகைதாரர் கதி இன்னும் மோசம். அடையாள எண் பட்டாவோடு கட்டப்பட்டிருக்கிறது. பயிர்க் காப்பீட்டு விதியில் குத்தகைதாரருக்கும் வாரம் பிரித்துப் பயிரிடுபவருக்கும் இடம் உண்டு. தமிழ்நாட்டில் குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969-லேயே சட்டம் போட்டாயிற்று. ஆனாலும் வாய்ப்பேச்சுக் குத்தகையில் கோயில் நிலத்தையும் மிராசு நிலத்தையும் உழுகிறவர்கள் ஏராளம். பட்டா உள்ளவருக்கு மட்டும் சாவி என்று வைத்தால், மண்ணில் இறங்கி வேலை செய்கிறவர் வெளியே நிற்பார். பட்டணத்தில் இருக்கும் பட்டாதாரர் உள்ளே இருப்பார். கணவர் பெயரில் பட்டா இருக்க, வயலைப் பார்க்கும் பெண்களுக்கும் இதே கதிதான்.

அரசு செய்ய வேண்டியவை

முதலாவது: விவசாயி சம்பந்தப்பட்ட எல்லாத் துறைகளும் பொதுச் சாவியை ஏற்க வேண்டும் என்று தேதி குறித்து உத்தரவு போட வேண்டும். துறைகளின் விருப்பத்துக்கு விட்டால் இங்கிலாந்தின் கதைதான்.

இரண்டாவது: எல்லோரும் அதிகம் போகும் வாசலில் தொடங்க வேண்டும். நெல் கொள்முதலும் பயிர்க் காப்பீடும் ஒரே சாவியில் திறந்துவிட்டால் மற்றவை தானே பின்னால் வரும்.

மூன்றாவது: செல்போன் இல்லாதவருக்கும், எண் மாறியவருக்கும், மண்வெட்டி பிடித்துக் கைரேகை தேய்ந்தவருக்கும் மாற்று வழி வேண்டும். பி.எம். கிசானில் 2023 முதல் முகத்தைப் பார்த்துச் சரிபார்க்கும் வசதி வந்தது. அது போன்ற வசதி எல்லா இடத்திலும் வேண்டும். எதுவும் ஒத்துவராதவருக்குக் காகித மனுவும் இருக்க வேண்டும்.

நான்காவது: பிழை திருத்தக் கெடு வேண்டும். மனு கொடுத்து இத்தனை நாளில் திருத்தாவிட்டால், திருத்தும் வரை பழைய ஆவணத்தை வைத்தே நெல்லை வாங்க வேண்டும், காப்பீட்டை ஏற்க வேண்டும். அதிகாரியின் தாமதத்துக்கு விவசாயி தண்டம் கட்டக் கூடாது.

ஐந்தாவது: குத்தகைதாரருக்கும் சாவி கொடுக்க வேண்டும்.

ஆறாவது: எந்த வாசலில் என்ன செய்தோம் என்பது நமக்கும் அந்தத் துறைக்கும் மட்டும் தெரிந்தால் போதும். உரக் கம்பெனிக்கும் கடன் கம்பெனிக்கும் அந்த விவரம் போகக் கூடாது. 2023-ல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கிறது. அது ஏட்டோடு நிற்காமல் பார்த்துக்கொள்வது அரசின் பொறுப்பு.

நாம் செய்ய வேண்டியவை

அரசு செய்யும் வரை நாம் சும்மா இருக்க வேண்டியதில்லை. ஆதாரிலும் பட்டாவிலும் பாஸ்புக்கிலும் நம் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று இந்த வாரமே எடுத்து வைத்துப் பாருங்கள். முதலெழுத்து வேறுபட்டாலும் தகராறு வரும். ஆதாரோடு இணைத்த செல்போன் எண் இப்போதும் உங்கள் கையில் இருக்கிறதா என்று பாருங்கள். மகன் வெளியூர் போனபோது அவனோடு போன எண்ணாக இருந்தால் உடனே மாற்றுங்கள். ரகசிய எண்ணைப் போனில் கேட்பவர் யாராக இருந்தாலும், எந்த அதிகாரியின் பெயரைச் சொன்னாலும், கொடுக்காதீர்கள். மையத்தில் பதியும்போது பக்கத்தில் நின்று பார்த்து, ரசீதை வாங்கி வையுங்கள்.

அடுத்த கிராம சபையிலும் விவசாயிகள் குறைதீர்க் கூட்டத்திலும் மடை, வாய்க்கால் பிரச்சினையோடு இதையும் எழுப்புங்கள். எத்தனை இணையதளத்தில் பதிய வேண்டியிருக்கிறது என்று ஒரு தாளில் எழுதி ஆட்சியரிடம் கொடுங்கள். ஒரே சாவி வேண்டும், அது நம் கையில் இருக்க வேண்டும், தொலைந்தால் ஒரு வாரத்தில் மாற்றுச் சாவி கிடைக்க வேண்டும். கேட்க வேண்டியது இவ்வளவுதான்.