தமிழ் பயின்றார்க்குக் காட்டில் இடம் உண்டா?

"பட்டம் பெற்றபின் யாது செய்யக் கருதியிருக்கின்றாய்?" என்று சென்ற கோடை விடுமுறையில் என் தந்தையார் வினவினார். இயற்கைப் பாதுகாப்பு மேலாண்மையில் முதுநிலைப் பட்டம் பெறுவதே என் விருப்பம் என்றேன். அவர் சற்று நேரம் வாய்வாளாதிருந்து, "தமிழ் படிக்கிற பிள்ளைக்குப் புலியோடு என்னப்பா வேலை?" என்றார். அருகிருந்த மாமா நகைத்தார். ஆசிரியப் பயிற்சி பெற்று ஊரருகே ஒரு பள்ளியில் அமர்ந்தால் தங்கையின் படிப்பிற்கும் உதவியாகும் என்பது அவர் கருத்து. அது நேர்மையான கருத்தேயாதலின் யான் மறுத்துரைத்திலேன். ஆயின் தந்தையாரின் வினா மட்டும் என் நெஞ்சை விட்டு அகலவில்லை. அன்று அவருக்குக் கூற இயலாத விடையையே ஈண்டு எழுதத் துணிகின்றேன்.

தொலைநோக்கியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு காடு மலைகளிற் சுற்றித் திரிவதே இக்கல்வி என நம்மிற் பலர் எண்ணியிருக்கின்றனர். விலங்கியலும் பயிரியலும் அதற்கு அடிப்படை என்பது உண்மையே. ஆயினும் மேலாண்மை என்னும் சொல்லைச் சற்றே நோக்குமின். காட்டுயிர்களை எண்ணும் முறை, எண்ணியதை மதிப்பிடும் புள்ளியியல், 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம், 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், வரவு செலவுத் திட்டம், ஊராருடன் பேசி உடன்பாடு காணல் ஆகிய யாவும் அதனுள் அடங்கும். இன்னது செய்தால் இன்னது விளையும் எனக் கருதிச் செய்து, விளைந்ததை ஆண்டுதோறும் அளந்து, கருதியது பிழையாயின் செய்கையை மாற்றிக்கொள்ளுதலே அதன் உயிர்நிலை. நாம் காப்பதாக எண்ணிச் செய்யும் செயல் உண்மையிற் காக்கின்றதா என்பதே அக்கல்வியின் தலையாய வினா.

இதனை எனக்கு விளங்கவைத்தது இராசஸ்தானத்துப் பரத்பூரின் வரலாறு. அங்குள்ள கேவலாதேவ் தேசியப் பூங்கா ஏறத்தாழ 29 சதுரக் கிலோமீட்டர் பரப்புடையது. அஃது இயற்கை தானே அமைத்த இடமன்று. வாத்து வேட்டைக்காக அந்நாட்டு மன்னர் அணைநீரைப் பாய்ச்சி உண்டாக்கிய நீர்நிலை. வைசிராய் லின்லித்கோ பிரபு வந்திருந்த 1938ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 12ஆம் நாளில் மட்டும் 4,273 பறவைகள் அங்குச் சுட்டு வீழ்த்தப்பட்டன. (வேட்டைக் கணக்குகளைப் பொறித்த கல் இன்றும் அங்கே நிற்கின்றது. பெருமைக்கென நட்ட கல், நட்டவர்க்கு எதிரான சான்றாய் மாறியதை எண்ணி யான் வியப்பதுண்டு.) காலம் மாறிற்று, வேட்டை ஒழிந்தது. பூங்காவைத் தேசியப் பூங்கா ஆக்கியபின், 1982ஆம் ஆண்டில், சுற்றூர்களின் எருமைகள் உள்ளே மேய்தல் கூடாதெனத் தடை விதித்தனர். எருமை மிதித்துழக்கும் நீரிற் பறவை எங்ஙனம் வாழும் என்பது அன்று கற்றாரும் ஒப்பிய கருத்து. தலைமுறை தலைமுறையாக மேய்த்து வந்தவர் எதிர்த்தனர், கலகம் மூண்டது, காவலர் சுட்டனர், உயிர்கள் மாண்டன.

அதன்பின் நிகழ்ந்ததே நாம் கருதத்தக்கது. எருமைகள் தின்று தின்று அடக்கி வைத்திருந்த பாஸ்பாலம் என்னும் நீர்ப்புல் கட்டற்றுப் பெருகியது. திறந்த நீர்ப்பரப்பு சுருங்கியது. நீந்தி இரை தேடும் பறவைகளுக்கு இடமில்லையாயிற்று. 1883ஆம் ஆண்டு முதல் தொண்டாற்றிவரும் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் முனைவர் விஜயன் தலைமையில் பத்தாண்டுக் காலம் அங்கே ஆராய்ந்து, மேய்ச்சலை அறவே ஒழித்தது அந்நீர்நிலைக்குத் தீங்காயிற்று என்னும் முடிவை எய்தினர். எருமையைப் பகையெனக் கருதி விலக்கியிருந்தனர். அதுவோ கூலி பெறாத தோட்டக்காரனாய் இருந்தது! பிற்காலத்தில் ஊரார் உள்ளே சென்று புல்லறுத்துக் கொள்ளவும் இடமளித்தனர். ஆயின் மாண்டவர் மீள்வரோ?

மேய்ப்போரைக் கேட்டிருந்தால் இவை யாவும் முன்னரே விளங்கியிருக்கும் என்று யான் அடித்துக் கூறேன். அவர்களும் தம் நலத்தையே பேசியிருத்தல் கூடும். எனினும் எப்புல்லை எருமை எத்திங்களில் விரும்பும், எங்கே ஆழம், எங்கே சேறு என்பவற்றை அவர்களினும் நன்கறிந்தார் யாவர்? அவ்வறிவு ஏட்டில் இல்லை, பேச்சில் உள்ளது. அதனைப் பொறுமையோடு கேட்டு, மெய்யையும் மிகையையும் பிரித்தறிந்து எழுதுதல் ஒரு பயிற்சி. உரையாசிரியர் இருவர் முரணும் இடத்தில் எவர் கூற்றுப் பொருந்தும் என்று நாள்தோறும் ஆராயும் தமிழ் மாணவனுக்கு அப்பயிற்சி முற்றும் புதியதன்று.

பரத்பூரில் நிகழ்ந்ததற்கு மாறானதொன்றைக் காண வடக்கே செல்ல வேண்டுவதில்லை. வேடந்தாங்கல் ஏரியின் கரையில் சென்ற தை மாதத்தில் யான் ஒரு பகல் முழுதும் நின்றிருந்தேன். 30 ஹெக்டேர் அளவே உள்ள அவ்வேரியில் நத்தைகுத்தி நாரைகளின் ஆரவாரம் காதை அடைத்தது. அவற்றின் எச்சம் கலந்த நீர் வயலுக்கு உரமாதலை அவ்வூரார் நெடுங்காலமாக அறிந்திருந்தனர். 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே, பறவைகளைச் சுட்டவர்மீது முறையிட்டுக் கலெக்டரிடம் காப்புரிமை பெற்றனர் என்பர். காவலும் வேலியும் வருமுன்னரே அங்குக் காப்பு இருந்தது. 2022ஆம் ஆண்டில் அவ்வேரி உலகச் சிறப்புடைய ஈரநிலங்களுள் ஒன்றாக ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது.

இனி வாயிலைப் பற்றிச் சிறிது. இந்திய ஆட்சிப் பணித் தேர்வை எப்பட்டம் பெற்றவரும் எழுதலாம். தமிழிலக்கியத்தையே விருப்பப் பாடமாகவும் கொள்ளலாம். இந்திய வனப்பணித் தேர்வையோ அறிவியல், பொறியியல், வேளாண்மை முதலியன பயின்றோரே எழுதல் கூடும். ஒரு மாவட்டம் முழுவதையும் ஆளத் தகுந்தவனாகக் கருதப்படும் தமிழ்ப் பட்டதாரி, அம்மாவட்டத்துக் காட்டை ஆளத் தகாதவனாகின்றான். முதுநிலை வகுப்புக்கள் பலவும் இவ்வாறே அறிவியற் பட்டத்தை வேண்டுகின்றன. இங்கிலாந்திலுள்ள கெண்ட் பல்கலைக்கழகத்தில் 1989ஆம் ஆண்டு தோன்றிய டரல் நிறுவனமோ, உயிரியலையும் மக்களைப் பற்றிய கல்வியையும் ஒருங்கே வைத்துப் பயிற்றுகின்றது. நம் நாட்டிலும் அவ்வழி அகல வேண்டும் என்பதே என் கோரிக்கை. தகுதியைத் தளர்த்துக என்று யான் கேட்கவில்லை. முன்னோராண்டு புள்ளியியலும் உயிரியலும் கற்பித்துத் தேர்வு வைத்து, அதில் தேறியவரைச் சேர்த்துக்கொள்க என்றே கேட்கின்றேன். அறிவியல் மாணவரும் தாம் பணிபுரியும் மலையின் மக்கள் மொழியைக் கற்று, அவர்களிடையே சில திங்கள் வாழ்ந்தன்றிப் பட்டம் பெறலாகாது என்னும் விதியும் உடன் வேண்டும்.

என் பக்கத்துக் குறையையும் மறைத்தல் முறையன்று. குறிஞ்சிப்பாட்டில் வரும் 99 மலர்களின் பெயர்களையும் முதலாண்டில் ஒரே மூச்சில் ஒப்பித்து யான் பரிசு பெற்றேன். மறுவாரம் விலங்கியல் நண்பர் ஒருவர் விடுதியின் பின்புறமுள்ள செடியொன்றைக் காட்டி, "இஃது உன் 99இல் ஒன்றா?" என்றார். விழித்தேன். நம் தோட்டக்காரப் பெரியவரை அழைத்துக் கேட்டபொழுது, அவர் இலையைக் கசக்கி முகர்ந்து, "வெட்சிதான் தம்பி, பூ விடட்டும், நீங்களே கண்டுகொள்ளுவீங்க" என்றார். அன்று முதல் மாலைதோறும் அவருடன் அரைமணி நேரம் நடக்கின்றேன். இதுகாறும் 41 மரஞ்செடிகளை இலை கண்டு பெயர் சொல்லக் கற்றுள்ளேன். பூ விட்டபின் வெட்சியைத் தந்தையாருக்கு அனுப்பினேன், புத்தகத்துள் வைத்து உலர்த்தி. அவர் விடையிற் புலியைப் பற்றி ஒன்றுமில்லை; விண்ணப்பக் கட்டணம் எவ்வளவு என்று மட்டும் கேட்டிருந்தார்.