இங்கே 20 லட்சம், அங்கே 40 லட்சம்

சொந்த மாநிலத்தில் கடை வைப்பது லாபமா என்று பனித்திட்டு மளிகைக் கடைக்காரரைக் கேட்டால் சற்று யோசிப்பார். பாகூர் கொம்யூனும் கடலூர் மாவட்டமும் பின்னிக் கிடக்கும் பகுதி இது.

முன்பு பல சரக்குகளுக்கு இங்கே விற்பனை வரி குறைவு. 2017 ஜூலை 1-இல் ஜி.எஸ்.டி. வந்ததும் இரு பக்கமும் ஒரே வரியாயிற்று. ஆனால் பதிவு வரம்பு ஒன்றாகவில்லை. சரக்கு விற்போருக்கு 2019 ஏப்ரல் முதல் தமிழ்நாட்டில் ஆண்டுக்கு 40 லட்ச ரூபாய். புதுச்சேரி 20 லட்சத்திலேயே நின்றது. நாளொன்றுக்குச் சுமார் 5,500 ரூபாய் விற்றாலே வரம்பைத் தொட்டுவிடுவோம். வரியில்லாத காய்கறி விற்பனையும் இக்கணக்கில் சேரும். கடலூர்க் கடைக்காரர் இதைப்போல் இரு மடங்கு விற்கும்வரை கணக்கருக்குக் கூலி தர வேண்டியதில்லை. வரி கட்ட நாம் தயங்கவில்லை; கணக்கு தாக்கல் செய்யும் செலவுதான் சிறு கடையை அரிக்கிறது.

ஆனாலும் கடையை எல்லை தாண்டி மாற்றச் சொன்னால் மனம் வருமா? ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடை. அந்நாளில் முகம் பார்த்துக் கடன் கொடுக்கிறோம். படகு கடலுக்குப் போனதும் பாக்கி வருகிறது. அந்த வசூல் அயலூரில் நடக்காது.

வரம்பை மாநிலங்களே தேர்ந்துகொள்ளலாம் என்றுதான் ஜி.எஸ்.டி. மன்றம் விட்டது. ஆகவே நம் கோரிக்கை டெல்லிக்கு அல்ல, புதுச்சேரி அரசுக்கே: 40 லட்சமாக்குங்கள்.