சருகுக்கு ஒரு வழி செய்யுங்கள்

மதிப்பிற்குரிய சேலம் மாநகராட்சி ஆணையர் அவர்களுக்கு,

வாசலில் நிற்கும் மரத்தை வெட்டிவிட்டால் தேவலை என்று சொல்பவர்கள் எல்லாரும் மரத்தின் எதிரிகள் அல்லர். மாசி பிறந்தால் புங்கனும் வேம்பும் இலை கொட்டத் தொடங்கும். விடியலில் கூட்டிய வாசல் வெயில் ஏறுவதற்குள் மறுபடி நிறைந்துவிடும். கூட்டிய சருகைச் சாக்கடையில் தள்ளுவதா, கொளுத்துவதா, காலிமனையில் கொட்டுவதா என்பதற்கு விடை இல்லாதபோது கோபம் மரத்தின்மேல் திரும்புகிறது. அந்தச் சருகுக்கு ஒரு வழி செய்து தாருங்கள் என்பதே இம்மடலின் வேண்டுகோள்.

இதற்குப் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை. தோட்டக் கழிவைத் தனியாகச் சேகரித்து, இயன்றவரை பூங்காக்களிலேயே உரமாக்குவது உள்ளாட்சியின் கடமை என்று 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளே கூறிவிட்டன. அதே ஆண்டு டிசம்பரில், திறந்தவெளியில் குப்பை எரித்தால் 5,000 ரூபாயும் பெருமளவில் எரித்தால் 25,000 ரூபாயும் வசூலிக்கத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. ஆனால் சருகைக் கொடுக்க இடம் காட்டாமல் அபராதம் மட்டும் விதித்தால் புகை நிற்காது. பகலில் எரிவது இரவில் எரியும்.

சாக்கடையில் தள்ளப்படும் சருகு பிளாஸ்டிக் பையோடு சேர்ந்து அடைத்துக்கொள்கிறது. முதல் கோடைமழையிலேயே கழிவுநீர் தெருவுக்கு வருகிறது. மிஞ்சியது திருமணிமுத்தாற்றில் இறங்குகிறது. அந்த ஆறு நாமக்கல் மாவட்டத்து வயல்களைக் கடந்து காவிரியில் கலப்பது தாங்கள் அறிந்ததே. நம் தெருவில் தள்ளியதைக் கீழ்மடைக்காரர்கள் சுமக்கிறார்கள்.

வழிகாட்டத் தொலைதூர ஊர் எதுவும் வேண்டாம். வீடு வீடாகத் தரம் பிரித்து வாங்கி, 'குப்பையில்லா நகரம்' என்று ஒரு காலத்தில் நாடெங்கும் பேசப்பட்டது பக்கத்து ஊரான நாமக்கல்தான்.

நான்கு மண்டலங்களிலும் மண்டலத்துக்கு ஒரு வார்டில், வரும் மாசிக்குள் இவற்றைத் தொடங்கிப் பாருங்கள்.

முதலாவது, வாரத்தில் ஒரு நாள் சருகுக்கென்றே வண்டி. வீட்டுக்காரர்கள் சாக்கில் கட்டி வைப்போம். உடைந்த கண்ணாடியும் நாப்கினும் கலந்த குவியலைத் தூய்மைப் பணியாளர்கள் கையால் கிளற வேண்டிய கொடுமையும் குறையும். அவர்களுக்குக் கையுறையும் காலணியும் தருவதும் அதே விதிகள் சொன்ன கடமைதான்.

இரண்டாவது, வார்டுப் பூங்காவில் கம்பிவலைக் கூண்டு. சருகை நிரப்பிச் சாணக் கரைசல் தெளித்து, ஈரம் காயாமல் அவ்வப்போது புரட்டிவிட்டால் சில மாதங்களில் உரமாகிவிடும். பூங்காச் செடிகளுக்குப் போக மீந்ததைச் சூரமங்கலம், அஸ்தம்பட்டி, அம்மாபேட்டை, தாதகாப்பட்டி உழவர் சந்தைகளுக்கு வரும் விவசாயிகளுக்குக் கொடுக்கலாம்.

மூன்றாவது, கவாத்துக்கு ஒரு நாட்காட்டி. சித்திரை, வைகாசிச் சூறைக்காற்று வருவதற்கு முன்பே காய்ந்த கிளைகளைக் கழிக்க வேண்டும். கம்பியில் உரசும் கிளையை மின்வாரியம் வெட்டும் நாளிலேயே மாநகராட்சி வண்டியும் அங்கே நிற்கட்டும். வெட்டுவது ஒரு துறை, அள்ளுவது இன்னொரு துறை என்றிருக்கும்வரை கிளைகள் நடைபாதையில்தான் கிடக்கும். ஒரு பக்கம் மட்டும் மொட்டையடித்த மரம் அடுத்த காற்றுக்குச் சாயும் என்பதையும் பணியாளர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

நான்காவது, வேருக்கு மண். பேவர் பிளாக்கை அடிமரம் வரை நெருக்கிப் பதித்தால் மழைநீர் உள்ளே இறங்காது. வேர் மூச்சுத் திணறும். மரத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்குக் கான்கிரீட் கூடாது என்று டெல்லிக்குப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-இல் இட்ட உத்தரவை, சேலத்துச் சாலை ஒப்பந்தங்களில் ஒரு நிபந்தனையாகவே சேர்க்கலாம்.

எங்கள் பங்கையும் சொல்லிவிடுகிறோம். சருகில் பிளாஸ்டிக் கலக்க மாட்டோம், தீ வைக்க மாட்டோம், கூண்டைப் பார்த்துக்கொள்ள முறை வைத்து ஆள் வருவோம். எத்தனை வண்டிச் சருகு வந்தது, எவ்வளவு உரமானது என்ற கணக்கை ஆறு மாதம் கழித்துப் பகுதி சபைக் கூட்டத்தில் வையுங்கள். கணக்கு நன்றாக இருந்தால் 60 வார்டுகளுக்கும் விரிவுபடுத்துங்கள்.

நாற்புறமும் மலை சூழ்ந்த இந்த ஊரின் கோடையை நிழலின்றிக் கடக்க முடியாது. நடுகிற கன்றுகளுக்கு விழா எடுக்கிறோம். வளர்ந்து நிற்கும் மரங்களுக்கு வேண்டியது ஒழுங்கான பராமரிப்பு. அதற்கான ஆணை தங்கள் கையெழுத்தில் இருக்கிறது.

இப்படிக்கு,
சேலம் மாநகரவாசி ஒருவர்