சராசரி வெப்பநிலையை மட்டும் பார்த்து ஹீட் பம்ப்பைக் குறை சொல்லாதீர்கள்

பிரிட்டனில் இருக்கும் நம் பிள்ளைகள் பலர் கேஸ் பாய்லரை எடுத்துவிட்டு ஹீட் பம்ப் வைக்கலாமா என்று யோசிக்கிறார்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அதற்கான அரசு மானியம் 2023 அக்டோபரில் 7,500 பவுண்டாக உயர்ந்தது. மீதிப் பணம் கைக்காசு. அதனால் ஏற்கெனவே வைத்தவர்களிடம் கணக்குக் கேட்கிறார்கள். அங்கேதான் சிக்கல். "இரண்டு ஊரிலும் சராசரி 5 டிகிரி. அவர்களுக்கு சிஓபி 3.6, எங்களுக்கு 3.0. எங்கள் மெஷின் மட்டம்" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். இது அவசரத் தீர்ப்பு.

ஒரு யூனிட் மின்சாரத்துக்கு எத்தனை யூனிட் வெப்பம் வீட்டுக்குள் வருகிறது என்பதே சிஓபி. வெளிக்காற்றில் உள்ள வெப்பத்தை மெஷின் உள்ளே இறைக்கிறது. கிணற்றில் தண்ணீர் இறங்க இறங்க இறைப்பது கடினமாவதுபோல, வெளியே குளிர் கூடக் கூட சிஓபி குறையும்.

ஒரு கணக்குப் போடுவோம். முதல் ஊரில் இரண்டு நாளும் 5 டிகிரி. இரண்டாவது ஊரில் ஒரு நாள் 12, மறுநாள் மைனஸ் 2. சராசரி அங்கும் 5தான். வெளியே 15.5 டிகிரிக்குக் கீழே போனால் ஹீட்டிங் தேவை என்று வைத்துக் கணக்கிடுவது பிரிட்டனில் வழக்கம். அதன்படி இரண்டாவது ஊரில் முதல் நாள் தேவை 3.5 பங்கு, மறுநாள் 17.5 பங்கு. மொத்தம் 21. முதல் ஊரிலும் 10.5 வீதம் அதே 21.

ஒரே மெஷின்தான், 12 டிகிரியில் சிஓபி 4.5, 5 டிகிரியில் 3.6, மைனஸ் 2இல் 2.8 என்று வைத்துக்கொள்வோம். முதல் ஊரில் 3.6 வரும். இரண்டாவது ஊரில் 3.5ஐ 4.5ஆலும், 17.5ஐ 2.8ஆலும் வகுத்துக் கூட்டினால் மின்சாரம் சுமார் 7 பங்கு. 21ஐ 7ஆல் வகுத்தால் 3.0. மெஷினில் ஒரு குறையும் இல்லை!

10 மார்க் தேர்வில் 9, 100 மார்க் தேர்வில் 40 எடுத்த மாணவனுக்கு 65 சதவீதம் என்று எந்த ஆசிரியராவது போடுவாரா? 110க்கு 49 என்றுதான் போடுவோம். வெப்பநிலையையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். அதிக வெப்பம் தேவைப்பட்ட நாளுக்கு அதிக எடை. அப்படிப் பார்த்தால் இரண்டாவது ஊரின் வெப்பநிலை 5 அல்ல, கிட்டத்தட்ட 0.3 டிகிரி.

வெப்பநிலையை எங்கே அளந்தார்கள் என்பதும் முக்கியம். மெஷினிலேயே உள்ள சென்சார், அது ஊதும் குளிர்காற்றில் அகப்பட்டுக் குறைத்துக் காட்டலாம். வெயில் படும் சுவரில் மாட்டியது கூட்டிக் காட்டும். ஊருக்கு வெளியே உள்ள விமான நிலைய அளவு நகரத் தெருவுக்குப் பொருந்தாது. ஈரப்பதத்தையும் மறக்கக் கூடாது. 0 முதல் 3 டிகிரி வரையுள்ள ஈரக்காற்றில் வெளிக் காயிலில் பனி படியும். அதை உருக்கவும் மின்சாரம் செலவாகும்.

எனவே ஒப்பிட விரும்புகிறவர்கள் மாதச் சராசரியைக் கேட்காதீர்கள். நாள்வாரியாக வெளி வெப்பநிலை, வீட்டுக்குள் வந்த வெப்பம், செலவான மின்சாரம், ரேடியேட்டருக்குப் போகும் தண்ணீரின் சூடு ஆகிய நான்கையும் கேளுங்கள். தண்ணீர் 35 டிகிரியில் ஓடும் வீட்டையும் 50 டிகிரியில் ஓடும் வீட்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது. இந்த நான்கும் இல்லாமல் "நல்ல மெஷின்", "மோசமான மெஷின்" என்று யார் சொன்னாலும், அதை நம்பிப் பணத்தைப் போடவும் வேண்டாம், வாங்கும் எண்ணத்தைக் கைவிடவும் வேண்டாம்.